எண்ணெய்ச் சட்டியும் செய்தித்தாளும்

ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருக என்று மலர்க் குழு அன்பர்கள் பணித்தபோது, மன்னர்களின் போர்களைப் பற்றியோ கோட்டை கொத்தளங்களைப் பற்றியோ நாம் எழுதுவோம் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளிடையே காலம் கழிக்கும் நமக்கு அத்தகைய பெரும்பொருள்கள் எட்டா. ஆயினும், நம் காலனியின் ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் நடைபெறும் ஒரு சிறு போரை நாம் அறிவோம். தாளிக்கும் கரண்டியில் எந்த எண்ணெயை ஊற்றுவது என்பதே அப்போர். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் தாய்மார் பட்ட அல்லல் பெரிது.

அண்மையில் ஒருநாள் மாலை, பணி முடிந்து வீடு திரும்பியபோது எம் அன்னையார் ஒரு வார இதழைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். தேங்காய் எண்ணெயின் நன்மைகளை அதில் இரண்டு பக்கங்களுக்கு எழுதியிருந்தனர். அவர் கேட்டார்: "தம்பி, தேங்காய் எண்ணெய் நெஞ்சுக்குக் கேடு என்று எழுதினார்கள், நிறுத்திவிட்டேன். இன்று அதுவே நல்லது என்று எழுதுகிறார்கள். அப்படியானால் உன் அப்பாவுக்கு நான் இத்தனை வருஷம் போட்டது என்ன?"

எம் தந்தையார் பாயிண்ட்ஸ்மேனாகப் பணியாற்றியவர். 1999-ஆம் ஆண்டில், இரவுப் பணி முடித்து வீடு திரும்பிய ஒரு காலைப் பொழுதில் மாரடைப்பால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 52. கருணை அடிப்படையில் எமக்குக் கிடைத்த வேலையே இன்று நாம் பார்க்கும் எழுத்தர் வேலை. அன்று தொடங்கி அன்னையார் இவ்வினாவை மனத்திலே சுமந்து வந்திருக்கிறார் என்பது அம்மாலைப் பொழுதில்தான் நமக்கு விளங்கிற்று. அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை. நாம் மருத்துவரும் அல்லோம், விஞ்ஞானியும் அல்லோம். கோப்பினை முதற் பக்கத்திலிருந்து படிக்கப் பழகியவர் என்ற ஒரு தகுதியே நமக்கு உண்டு.

மஞ்சள் டப்பாவின் வருகை

நம் முன்னோர் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நெய் என்று அவரவர் ஊரில் விளைந்ததை உண்டு வந்தனர். ஊருக்கு ஊர் செக்கு இருந்தது. நெய்யோ செல்வர் வீட்டில் நாள்தோறும், ஏழையர் வீட்டில் திருநாள்தோறும் மணத்தது. இந்நிலையில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஜெர்மனியில் ஒரு புதுமை நிகழ்ந்தது. வில்ஹெல்ம் நார்மன் என்னும் வேதியியல் அறிஞர், எண்ணெயினூடே ஹைட்ரஜன் வாயுவை உலோகத் துணையோடு செலுத்தினால் அது வெண்ணெய்போல உறையும் என்று 1901-இல் கண்டார். அமெரிக்காவில் 1911-இல் 'கிரிஸ்கோ' என்ற பெயரில் இத்தகைய கொழுப்பு சந்தைக்கு வந்தது. இந்தியாவில் இதற்கு வனஸ்பதி என்று பெயர் அமைந்தது.

1937-இல் லீவர் நிறுவனத்தார் 'டால்டா'வை அறிமுகம் செய்தனர். 'டாடா' என்ற பழைய இறக்குமதி வணிகப் பெயரின் நடுவே லீவரின் முதலெழுத்தான 'எல்' சேர்ந்து அப்பெயர் உருவாயிற்று என்பர். மஞ்சள் டப்பாவும் அதன்மேல் பச்சைப் பனைமரமும் அன்று காணாத வீடில்லை. திரைப்படக் கொட்டகைகளில் விளம்பரப் படம் காட்டினர். டப்பா வடிவில் வண்டி செய்து தெருத்தெருவாக ஓட்டினர். தமிழ் உள்ளிட்ட மொழிகளில் சமையற் புத்தகமும் வெளியிட்டனர். 1951-இல் அந்நிறுவனம் திருச்சிராப்பள்ளியிலும் ஒரு வனஸ்பதி ஆலையை வாங்கிற்று. எம் தந்தையார் பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவர். அவர் சிறுவராக இருந்தபோது, அந்த ஆலை தம் ஊரில் இருப்பது அவருக்குப் பெருமையாகவே இருந்ததாம்.

நெய்யின் விலைக்கு எட்டாத குடும்பத்தாருக்கு வனஸ்பதி ஒரு வரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. மிட்டாய்க் கடையிலும் திருமணப் பந்தியிலும் அது புகுந்தது. டப்பா காலியானபின் அரிசி அளக்கவும் துளசி வளர்க்கவும் பயன்பட்டது.

"தடை செய்க" என்ற குரல்

புகழ் வளர்ந்தபோதே பகையும் வளர்ந்தது. காந்தியடிகள் 1946-இல் தம் 'ஹரிஜன்' இதழில் வனஸ்பதியைக் கண்டித்து எழுதினார். நெய் என்று சொல்லி நெய்யல்லாததை விற்பது ஏழை மக்களை ஏமாற்றுவதாகும் என்பதும், பசு வளர்ப்போரின் பிழைப்பு கெடும் என்பதும் எதிர்ப்பாளரின் முறையீடுகள். நாடு விடுதலை பெற்றபின், வனஸ்பதியைத் தயாரிக்கவும் விற்கவும் கூடாதென்று நாடாளுமன்றத்தில் பண்டித தாக்கூர் தாஸ் பார்கவா மசோதா கொண்டுவந்தார். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதுபற்றி நாடெங்கும் எழுந்த வாதத்தைத் தீர்க்கப் பிரதமர் நேரு பொதுமக்களின் கருத்தை அறிய முயன்றார் என்றும், அதன் முடிவு ஒரு பக்கமாகத் தெளிவுபடவில்லை என்றும் கூறுவர்.

அக்காலத்தே ஒரு செய்தி காட்டுத்தீயெனப் பரவிற்று. வனஸ்பதி ஊட்டி வளர்த்த எலிகளின் மூன்றாந் தலைமுறை குருடாய்ப் பிறக்கும் என்பதே அது. படித்தவரும் படியாதவரும் இதைச் சொல்லி அஞ்சினர். மறுபுறம், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் உள்ளிட்ட நிலையங்களில் அரசினர் ஆய்வுகள் நடத்தினர். உடல் வெப்பமாகிய 37 பாகை அளவுக்குள் உருகும் வனஸ்பதியால் தீங்கில்லை என்பது அன்றைய முடிவு. எனவே தடை வரவில்லை.

தடைக்கு மாறாகச் சில காப்புகள் வந்தன. அவற்றுள் ஒன்று மிகச் சுவையானது. வனஸ்பதி ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் கலந்திருக்க வேண்டும் என்று விதித்தனர். நல்லெண்ணெய்க்கு ஒரு தனிக்குணம் உண்டு. குறிப்பிட்ட அமிலமும் மருந்தும் சேர்த்துக் குலுக்கினால் அது சிவப்பு நிறம் காட்டும். நெய்யில் எவனாவது வனஸ்பதியைக் கலந்தால், உள்ளே ஒளிந்திருக்கும் நல்லெண்ணெய் அவனைக் காட்டிக் கொடுக்கும்! வனஸ்பதிக்கே நிறமூட்டிவிடலாம் என்றும் பலர் யோசனை கூறினர். நீக்க முடியாததும் தீங்கற்றதுமான நிறம் அகப்படவில்லை. 1953-இலிருந்து வைட்டமின் 'ஏ' சேர்க்கும் முறையும் வந்தது. 'வைட்டமின் சேர்ந்தது' என்ற வாசகத்தைக் கண்ட இல்லத்தரசியர் ஐயம் நீங்கி வாங்கினர்.

ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். பொதுமக்களின் ஐயம் வீணானதன்று. ஆனால் ஐயத்திற்கு அவர்கள் கூறிய காரணம் வேறு. விஞ்ஞானிகளின் ஆய்வும் பொய்யன்று. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி வேறு. எலி வளர்கிறதா, கொழுப்பு உருகுகிறதா என்று பார்த்தார்கள். இருபது முப்பது ஆண்டுகள் உண்ட மனிதனின் இரத்தக் குழாய் என்னவாகும் என்ற கேள்வி அன்று அங்கே எழவில்லை.

கடல் கடந்து வந்த அச்சம்

அக்கேள்வியை எழுப்பியவர் மேலை நாட்டார். அமெரிக்கப் பேராசிரியர் ஆன்செல் கீஸ் என்பார் 1958-இல் ஏழு நாடுகளின் ஆடவரை வைத்து ஓர் ஆய்வினைத் தொடங்கினார். வெண்ணெய், இறைச்சி முதலியவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு இரத்தத்தில் கொலஸ்டிராலை உயர்த்தி இதய நோயை வளர்க்கிறது என்பது அவர் கொள்கை. 1961 ஜனவரியில் 'டைம்' வார இதழ் அவர் படத்தை அட்டையில் வெளியிட்டது. 1984 மார்ச்சில் அதே இதழ், இரண்டு முட்டைகளைக் கண்களாகவும் பன்றி இறைச்சித் துண்டை வாடிய வாயாகவும் அமைத்து ஒரு சோக முகத்தை அட்டையில் அச்சிட்டது. அம்முகத்தைக் கண்டு உலகமே அஞ்சிற்று.

இதற்கிடையில் 1983-இல் நம் நாட்டில் வேறொரு புயல் வீசிற்று. வெளிநாட்டிலிருந்து வந்த மாட்டுக் கொழுப்பு வனஸ்பதியில் கலக்கப்பட்டது என்ற செய்தி வெளியாயிற்று. நாடாளுமன்றம் கொந்தளித்தது, பல வீடுகளில் மஞ்சள் டப்பா வாயிற்படிக்கு வெளியே போயிற்று. அப்போதும் மக்கள் சினந்தது சமயத்தின் பொருட்டும், ஏமாற்றப்பட்டோமே என்பதன் பொருட்டுமே ஆகும். சில காலத்தில் சினம் ஆறியது. டப்பா மீண்டும் உள்ளே வந்தது.

கொலஸ்டிரால் என்ற சொல் தமிழ் வார இதழ்களில் பரவலாகப் புகுந்தபின் தென்னாட்டார் பட்ட பாடு தனி. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு பத்தில் ஒன்பது பங்கு அளவில் இருப்பதால், அது குற்றவாளிக் கூண்டில் நின்றது. 1980-களின் இறுதியில் தொலைக்காட்சியிலே 'சன்டிராப்' சிறுவன் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு வந்தான். சூரியகாந்தி எண்ணெயே இதயத்தின் நண்பன் என்று எங்கும் பேச்சாயிற்று.

எம் அன்னையார் நாகர்கோவிலில் பிறந்தவர். தேங்காய் எண்ணெய் இல்லாத அவியலை அவர் அவியல் என்றே ஒப்பமாட்டார். அத்தகையவர், ஒரு வார இதழில் ஒரு மருத்துவர் எழுதிய பக்கத்தைப் படித்துவிட்டு, ஊரிலிருந்து வந்த எண்ணெய்த் தூக்கைத் தலைக்குத் தடவ ஒதுக்கினார். சமையலுக்குச் சூரியகாந்தி எண்ணெய் வந்தது. தீபாவளிப் பாதுஷாவுக்கும், தந்தையாரின் இரவுப் பணிக்குக் கட்டித் தந்த பூரிக்கும் வனஸ்பதி வந்தது. "செடியிலிருந்து வருவதுதானே, நெய்யைவிட நல்லது" என்பது அன்று அவர் சொன்ன நியாயம். அந்நியாயத்தை அவர் தாமே கண்டுபிடித்தார் அல்லர். விளம்பரமும் செய்தியும் சேர்ந்து அவருக்குக் கற்பித்தவை.

உண்மைக் குற்றவாளி

வனஸ்பதி செய்யும்போது எண்ணெய் முழுவதும் உறைவதில்லை. பாதி உறைந்த நிலையில், இயற்கையில் அருகியே காணும் ஒருவகைக் கொழுப்பு அதில் மிகுதியாக உண்டாகிறது. அதற்கு டிரான்ஸ் கொழுப்பு என்று பெயர். பிரெட் குமரோ என்னும் அமெரிக்க அறிஞர், இறந்தோர் உடலின் திசுக்களில் இக்கொழுப்பு தங்கியிருப்பதை 1957-இலேயே எழுதினார். செவிசாய்த்தவர் சிலரே. 1990-இல் நெதர்லாந்து அறிஞர்களாகிய மென்சிங்கும் காட்டனும் ஓர் உண்மையை மெய்ப்பித்தனர். இக்கொழுப்பு தீய கொலஸ்டிராலை உயர்த்துவதோடு நில்லாமல், நல்ல கொலஸ்டிராலையும் குறைக்கிறது. அஃதாவது, நெய்யைவிட நல்லது என்று நம்பி வாங்கிய பொருள் நெய்யைவிடத் தீயது.

டென்மார்க் நாடு 2003-இல் சட்டம் இயற்றிக் கொழுப்பில் நூற்றுக்கு 2 பங்கே டிரான்ஸ் இருக்கலாம் என்று வரம்பு கட்டியது. தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2009-இல் நம் நாட்டு வனஸ்பதி வகைகளைச் சோதித்தபோது, அவ்வரம்பைப் போல 5 முதல் 12 மடங்கு இருக்கக் கண்டது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பினைப் படிப்படியாக 10 பங்கு, 5 பங்கு என்று குறைத்து, 2021 ஜனவரியில் 3 ஆக்கி, 2022 ஜனவரியில் 2 ஆக்கிற்று. குமரோ தம் 94-ஆம் வயதில் அமெரிக்க அரசிடம் மனுக் கொடுத்து, 2013-இல் வழக்கும் தொடுத்து, 2015-இல் அந்நாட்டின் தடையாணையைக் கண்ணாரக் கண்டு, 2017-இல் 102 வயதில் மறைந்தார்.

அன்பர்களே, 1950-இல் தடை வேண்டுமென்று முழங்கிய நாடு, 1983-இல் கொதித்தெழுந்த நாடு, 2022-இல் இந்த உண்மையான காப்பு வந்தபோது என்ன செய்தது? நாம் பணியாற்றும் அலுவலகத்தில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசக் கேட்டோமில்லை. நம் காலனி வாசகசாலையிலும் அச்செய்தியைச் சுட்டிக் காட்டினார் எவருமில்லை. கூச்சலிட்ட பொய்க்கு இருந்த கேள்வியாளர், மெல்லப் பேசிய மெய்க்கு இல்லாமற் போயினர்.

மீண்டும் ஆடும் ஊசல்

நிற்க. 2014 மார்ச்சில், பல ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரை, நிறைவுற்ற கொழுப்புக்கும் இதய நோய்க்கும் தெளிவான தொடர்பு காணவில்லை என்றது. அக்கட்டுரையில் பிழைகள் இருந்தமையால் விரைவிலேயே திருத்தம் வெளியிடப்பட்டது. திருத்தத்தைப் படித்தவர் எத்தனை பேர்? ஜூன் மாதத்தில் 'டைம்' இதழ் சுருண்ட வெண்ணெயை அட்டையில் போட்டு, வெண்ணெய் உண்க என்ற பொருள்பட எழுதிற்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் சோக முகத்தை அச்சிட்ட அதே இதழ்! அக்காலத்தை ஒட்டியே நம் தமிழரிடையே பேலியோ உணவு முறை பரவிற்று. சோற்றைத் தள்ளி வெண்ணெயைச் சேர்த்துக் கொண்டவர் நம் உறவினரிலும் உளர்.

2018-இல் கரின் மைக்கேல்ஸ் என்னும் பேராசிரியை ஜெர்மனியில் ஆற்றிய உரையொன்றில் தேங்காய் எண்ணெயை நஞ்சு என்று கூறிவிட்டார். உலகெங்கும் அது தலைப்புச் செய்தியாயிற்று. அவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவராதலால், இந்தியத் தோட்டக்கலை ஆணையர் அப்பல்கலைக்கழகத்துக்கே கண்டனக் கடிதம் எழுதினார். தென்னை வளர்ப்போர் சினந்தனர். தேங்காய் எண்ணெய் அமுதம் என்போர் மறுபுறம் கிளம்பினர். நஞ்சு என்பதும் மிகை. அமுதம் என்பதும் மிகை. அது தீய கொலஸ்டிராலை உயர்த்துகிறது என்பதும், டிரான்ஸ் கொழுப்புப்போலக் கொடியதன்று என்பதும், அவியலுக்கு ஒரு கரண்டி ஊற்றுவதற்கும் நாள்தோறும் அதிலேயே பொரிப்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதும் ஆராய்ந்தோர் கூற்றுகளின் சாரம்.

இன்று நம் பெங்களூரில் மரச்செக்கு எண்ணெய்க் கடைகள் வீதிக்கு வீதி தோன்றியுள்ளன. கோவைச் சிறையில் வ. உ. சிதம்பரனார் இழுத்த செக்கு, இன்று பெருமைக்குரிய விளம்பரமாகிவிட்டது. செக்கெண்ணெய் மணமுள்ளது; ஆட்டுபவரும் பிழைக்கட்டும். ஆனால் செக்கிலாடியது என்பதற்காக அளவின்றி ஊற்றலாகாது.

திருத்தச் சீட்டு

ரயில்வே ஊழியர் வீட்டாருக்குத் திருத்தச் சீட்டு என்பது தெரியும். விதிநூலில் ஒரு விதி மாறினால் மேலிடத்திலிருந்து ஒரு சிறு தாள் வரும்; அதை உரிய பக்கத்தில் ஒட்டிக்கொள்வோம். புது எழுத்தர் சிலர் சீட்டை மட்டும் படித்துவிட்டு முழு விதியும் மாறிவிட்டதாக எண்ணித் தடுமாறுவர். விஞ்ஞானமும் அவ்வாறே திருத்தச் சீட்டுகளால் வளர்கிறது. செய்தித்தாளோ ஒவ்வொரு சீட்டையும் புதிய விதிநூல் என்று தலைப்பிட்டு விற்கிறது. சீட்டு வருவது விஞ்ஞானத்தின் இழிவன்று, பெருமையே ஆகும். அதை நூலோடு சேர்த்துப் படியாமையே நம் குறை.

சேர்த்துப் படித்தால் எஞ்சுவது மிக எளிது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2011-ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, உட்கார்ந்து வேலை செய்யும் ஆடவருக்கு நாளொன்றுக்கு 25 கிராமும், பெண்டிருக்கு 20 கிராமும் எண்ணெய் போதும். அஃதாவது நான்கைந்து தேக்கரண்டி. ஒரே எண்ணெயைப் பற்றிக்கொள்ளாமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்துக என்பதும் அந்நிறுவனத்தின் அறிவுரை. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுதல் தீது. பேக்கரிப் பஃப்ஸையும் நிறம் கறுத்த எண்ணெயில் போட்ட பஜ்ஜியையும் என்றோ ஒருநாளைக்கு வைத்துக்கொள்ளுதல் நன்று. திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் பசியையும் அளவையும் வற்புறுத்தினாரேயன்றி, எண்ணெயின் பெயர் எதையும் குறித்தார் அல்லர்.

இனி அன்னையாரின் வினாவுக்கு வருவோம். இவற்றையெல்லாம் ஒரு வாரம் படித்தபின் அவரிடம் கூறினோம். வனஸ்பதி நல்லதன்று என்பதை மறைக்கவில்லை. ஆனால் தந்தையார் நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி புகைத்தார். இருபத்தைந்து ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தார். இரத்த அழுத்தத்தை ஒருமுறையேனும் சோதித்துக்கொண்டதில்லை. அவருடைய தந்தையாரும் அவ்வாறே இளவயதில் போனவர். இத்தனையையும் விட்டுப் பூரிச் சட்டியை மட்டும் குற்றவாளியாக்குதல் நீதியன்று. அன்றைய வனஸ்பதியைத் தீதில்லை என்று அரசே சொன்னது, ஆய்வுக்கூடமே சொன்னது. அவர்கள் எவரும் இரவில் உறக்கமின்றி வருந்தியதாகத் தெரியவில்லை. அடுப்பின் முன் நின்ற பெண்மணி ஒருவரே அப்பழியைச் சுமந்தார். எழுதியவர் மறந்துவிடுகிறார், படித்துச் சமைத்தவர் மறப்பதில்லை.

அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "பீடியை நிறுத்தச் சொல்லித்தான் நான் சண்டை போட்டேன்" என்றார். மறுநாள் எங்கள் வீட்டு அவியலில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் மணத்தது. ஒரு கரண்டிக்கு மேல் அவர் ஊற்றவில்லை.

நம் சங்கத்தார்க்கு இரண்டு வேண்டுகோள்கள். உணவைப் பற்றி இதழ்களில் வரும் செய்திகளை வெட்டி, தேதியிட்டு, வாசகசாலையில் ஒரு கோப்பாக வைப்போம். முரண்பாடுகள் தாமே வெளிப்படும். ஆண்டு விழா நாளில் நாடகத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் நடுவே, நாற்பதைக் கடந்த உறுப்பினர் அனைவருக்கும் இரத்த அழுத்தம் பார்க்க ஒரு மேசை போடுவோம். அம்மேசையில் முதலாவதாக அமர நாம் ஆயத்தமாக உள்ளோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!